வழக்கமான கடைசி வரி

படத்தில் முத்துமாரியின் முகம் பாதிதான் விழுந்திருந்தது. அவள் நுழைகிற வீட்டுக் கதவும், அதை உள்ளேயிருந்து திறந்துவிடுகிற ஆணின் கையும் மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தன. சுண்டுவிரலில் பச்சைக்கல் மோதிரம்கூடத் தெரிந்தது. எடுத்தவனுக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

செம்பூரில் செல்லப்பாண்டியின் தபால் பெட்டிக்குள் வெற்றுக் கவரில் கிடந்ததாம் அந்தப் படம். தாராவியில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து முன்னுக்கு வந்து, செம்பூரில் ஃபிளாட் வாங்கிய மனிதர் அவர். ஒரே மகன் கணேசபாண்டியனுக்கு ஆவணியில் கல்யாணம். பெண் முத்துமாரி, சயானில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அவளுடைய அப்பாவும் செல்லப்பாண்டியும் ஒரு காலத்தில் தாராவியில் ஒரே கோலியில், அந்த ஒற்றை அறைக்குள், பாய் விரித்துப் படுத்தவர்கள். பத்திரிகை அடித்து ஊருக்குக்கூட அனுப்பியாகிவிட்டது.

செல்லப்பாண்டி படத்தை மானசாவின் மேஜை மேல் வைத்துவிட்டு, இவள் நல்ல பிள்ளையா இல்லையா, அதை மட்டும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு மானசாவின் எழுத்து மேல் அப்படி ஒரு நம்பிக்கை. மூத்த இரண்டு பெண்களுக்கும் மாப்பிள்ளை விசாரித்துச் சொன்னது அவள்தான்.

மாட்டுங்காவில் பூக்கடைகளுக்கு மேலே, மாடிப்படி முழுக்க மல்லிகை வாசனை அடிக்கிற கட்டடத்தில் மானசாவின் அலுவலகம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் உட்கார்ந்து, நஷ்டஈடு கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லிப் பழகியவள். அந்தத் திறமையோடுதான் கல்யாண விசாரணைத் தொழிலுக்கு வந்தாள். உதவிக்கு சுடலைக்கண்ணன். தாராவியில் பிறந்து, டாக்ஸி ஓட்டி, வாய்த்துடுக்கால் பாசஞ்சர்களை இழந்து இங்கே வந்து சேர்ந்தவர். அவளைவிடப் பத்து வயது பெரியவர். அதைச் சொல்லிக்காட்ட அவரும் தவறியதில்லை, காதில் போட்டுக்கொள்ள அவளும் மெனக்கெட்டதில்லை.

இந்தத் தொழிலில் ரிப்போர்ட் எத்தனை பக்கம் இருந்தாலும் ஜனங்கள் படிப்பது கடைசி வரியை மட்டும்தான். அது இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் பக்கத்து வீட்டு மாமி சொன்னதுபோல ஆகிவிடும். 'நத்திங் அட்வர்ஸ் கேம் டு நோட்டீஸ்' என்று இருந்தால், தப்பாக எதுவும் கண்ணில் படவில்லை, மண்டபம் பார்க்கலாம். 'குட் நாட் பி வெரிஃபைட்' என்றால் இன்னும் ஒரு தடவை விசாரிப்பார்கள். 'டவுட்ஃபுல்' என்று விழுந்துவிட்டால் ஜாதகம் அன்றைக்கே திரும்பிப் போய்விடும். இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு விஷம் உண்டு. 'கெனாட் பி ரூல்ட் அவுட்', அப்படி இருக்காது என்று சொல்லிவிட முடியாது. மானசா அதை ஒருநாளும் எழுதியதில்லை.

"அத எழுதினா எங்க ஆத்தா போன பிறவியில கொள்ளைக்காரியா இருந்தாங்கதையும் இல்லன்னு சொல்ல முடியாது பாத்துக்கிடுங்க" என்பார் கண்ணன்.

வியாழக்கிழமை தோறும் முத்துமாரி மான்குர்த் போகிறாள் என்பதை மருத்துவமனை வாசல் டீக்கடையிலேயே தெரிந்துகொண்டார்கள். குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் ரயிலுக்கு மாறி, அடுத்த வியாழக்கிழமை அவளுக்குப் பின்னாலேயே போனார்கள். ஜூலை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சந்து, சாக்கடை, நீலத் தார்ப்பாய், படத்தில் இருந்த அதே கதவு. கண்ணன் தண்ணீர்க் குழாய் சர்வே என்று ஒரு கதை தயார் செய்து வைத்திருந்தார். மானசா அதற்கெல்லாம் காத்திருக்காமல் கதவைத் தட்டிவிட்டாள்.

பச்சைக்கல் மோதிரம் போட்ட கை கதவைத் திறந்தது. அந்தப் பையனின் பெயர் பைசான், டெம்போ ஓட்டுபவன். அவனுக்குப் பின்னால், கட்டிலில் குப்புறப் படுத்திருந்த ஒரு பெண்மணியின் முதுகில் முத்துமாரி மருந்துத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். புண் எலும்பு வரைக்கும் போயிருந்தது. அந்த நாற்றத்தில் கண்ணனின் வாய் முதல் முறையாகத் தானே மூடிக்கொண்டது.

பைசானின் அம்மா சுலைகா முத்துமாரியின் வார்டில் இருந்தவள். இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய், வீட்டுக்கு அனுப்பப்பட்டு, படுத்த படுக்கையில் புண் வந்துவிட்டது. மகன் வண்டியில் போய்விட்டால் திருப்பிப் படுக்க வைக்கக்கூட ஆளில்லை. முத்துமாரி வாரம் ஒரு தடவை வந்து கழுவிக் கட்டிவிட்டுப் போகிறாள். மருத்துவமனைக்குத் தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். அப்பாவுக்குத் தெரிந்தால், மான்குர்த்தில் ஒரு வாலிபன் இருக்கிற வீட்டில் உனக்கு என்ன வேலை என்பார். அதனால் இரண்டு இடத்திலும் சொல்லவில்லை. இவ்வளவுதான் விஷயம்.

மானசா படத்தைக் காட்டினாள். முத்துமாரி கையுறையோடு தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"இது கொட்டு கொட்டுன்னு கொட்டுன அன்னைக்கு எடுத்ததுக்கா. அந்தச் சுடிதார் அன்னைக்கோட நாசமாப் போச்சு" என்றாள். அப்புறம், "இத மாமா பாத்துட்டாகளா?" என்று கேட்டாள். மானசா தலையாட்டியதும் அவள் சுலைகாவின் முதுகுக்குத் திரும்பிக்கொண்டாள்.  துணியை ஒட்டி முடித்த பிறகுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் கண்ணன் படத்தை வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டார். மேல் ஓரத்தில் கறுப்பாக ஏதோ மறைத்தது. மானசா அதை எடுத்தவனின் விரல் என்று நினைத்திருந்தாள். கண்ணன் அது ஆட்டோவின் மழைத் திரை என்றார். கீழ் மூலையில் டிரைவர் சீட்டின் முதுகு கொஞ்சம் தெரிந்தது. அதில் ஒரு வேல் படமும், பக்கத்தில் தமிழில் 'செந்தூர்' என்று பாதி எழுத்துகளும்.

"பம்பாயில ஆட்டோ ஓட்டுத ஆளுல பாதி உ.பி.காரன், மீதி பீகார்காரன். இதுல முருகன் சொந்த பாஷையில வந்து உக்காந்திருக்கான்னா, தேடுனா கிடைச்சிருவான் மேடம்" என்றார்.

செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே மறுநாளே கிடைத்தான். ஸ்டாண்டில் மூன்றாவதாக நின்ற வண்டி, டிரைவர் பெயர் வெயிலுமுத்து. நேராகக் கேட்டால் எந்த ஆட்டோக்காரனும் சவாரியைக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்பது பழைய டாக்ஸிக்காரருக்குத் தெரியாதா. கண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் நின்றார்.

"அண்ணாச்சி, அந்தப் பெருமழை அன்னைக்கு மான்குர்த் வந்த சவாரி அவரு குடைய உங்க வண்டியில விட்டுட்டாராம். கேட்டா நீங்க இல்லங்கியளாம். போலீஸ்ல எழுதிக் குடுக்கப்போறாரு."

வெயிலுமுத்துவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "யாரு, செல்லப்பாண்டி முதலாளி மவனா? வரும்போதே அவங்கிட்ட ஏதுவே குடை? நனைஞ்சுக்கிட்டுல்லா ஏறுனான். சந்து முனையில வண்டிய நிப்பாட்டச் சொல்லிட்டு, திரைக்குப் பின்னால இருந்து போனை நீட்டிக்கிட்டே கெடந்தான். கீழயே எறங்கல. எறங்காதவனுக்கு எதுக்குவே குடை?"

சொன்ன பிறகுதான் அவருக்கு எதையோ சொல்லிவிட்டோம் என்று பட்டது. முதலாளியுடைய கோலியில்தான் வாடகைக்கு இருக்கிறேன், என்னை இழுக்காதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

 எதிரியை மானசா தாராவியில் தேடியிருந்தாள். பெண் கேட்டுக் கிடைக்காதவன், வேலை இடத்தில் பொறாமைப்பட்டவள் என்று ஒரு வரிசையே மனதில் வைத்திருந்தாள். மாப்பிள்ளை அந்த வரிசையில் இல்லை.

"அட, கல்யாணத்துக்கு முன்னால போட்டோ எடுக்கது இப்ப ஃபேஷன்லா மேடம்" என்றார் கண்ணன். "ப்ரீ-வெட்டிங் ஷூட்டு. பொண்ணுக்குச் சொல்ல மறந்துட்டாரு, அம்புட்டுதான்."

மானசா பையிலிருந்து போனை எடுத்தாள்.

கூப்பிட்டதும் கணேசபாண்டியன் மாட்டுங்காவுக்கே வந்தான். விளம்பரக் கம்பெனியில் வேலை. சோப்பு உறையிலும் பால் பாக்கெட்டிலும் என்ன வார்த்தை போடுவது என்று யோசிப்பதற்குச் சம்பளம். நல்ல உயரம், நல்ல சட்டை. படத்தை அவன் முன்னால் வைத்தபோது அவன் மறுக்கக்கூட இல்லை. தனக்கு வேறு ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, அப்பாவின் நண்பர் மகளை வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னால் அப்பா தன் பிளாஸ்டிக் தொழிலிலும் வீட்டிலும் கதவைச் சாத்திவிடுவார், அதனால் வேண்டாம் என்பதை அப்பாவே சொல்ல வேண்டியிருக்கிறது என்றான். ரேஷன் கார்டில் திருத்தம் செய்யப் போவது போன்ற குரலில் இதைச் சொன்னான்.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் மேடம். 'கெனாட் பி ரூல்ட் அவுட்'னு முடிச்சுடுங்க. அதுல பொய்யே இல்லையே. யாருக்கும் கெட்ட பேர் வராது."

"அந்தப் பொண்ணுக்கு?" என்றாள் மானசா.

"நர்ஸ்தானே. கையில வேலை இருக்கு, சமாளிச்சுப்பா."

அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்று அவள் சொன்னபோது அவன் தாராளமாகச் சொல்லுங்கள் என்றான். அப்பா கேட்டால், ஆமாம், எனக்கே சந்தேகம் வந்தது, பின்னால் போய்ப் பார்த்தேன் என்பான். மாப்பிள்ளையே சந்தேகப்பட்ட பெண் என்று ஆகிவிட்டால், அதைக் கழுவ எந்த ரிப்போர்ட்டாலும் முடியாது. எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"நீங்க எப்பவும் அந்த ஒரே வரிதான் எழுதுவீங்களாமே, தப்பா எதுவும் கண்ல படலைன்னு. ஒருத்தரைப் பத்தியாவது தைரியமா எழுதினதே இல்லைன்னு அப்பா சொல்வார்."

அவன் போன பிறகு மானசாவின் காது மடல் சிவந்திருந்தது. கண்ணன் அதைக் கவனித்தார். கவனித்து என்ன பயன், அப்போது அவர் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலமே மானசா தாராவிக்குப் போனாள். நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் முத்துமாரியை உட்கார வைத்து, படம் எடுத்தது யார் என்று சொன்னாள். முத்துமாரி அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். முத்துமாரி டீயைக் கடைசிவரை குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் அவரு வேண்டாம்க்கா. ஆனா நிறுத்தது நானா இருக்கணும். அவுக நிறுத்துனா அந்தப் போட்டோ நெசமாயிரும். முதல்ல எம்பேரு சுத்தம்னு நீங்க எழுதிக் குடுத்துருங்க. மாமா கையில அது போய்ச் சேந்ததும், மறுநாளு நானே போயி, இந்த மாப்பிள்ள வேண்டாம்னு சொல்லிருதேன்."

அப்படி நடந்தால் அப்பா திட்டுவார், ஆனால் தலை நிமிர்ந்து திட்டுவார் என்றாள். பின்னால் இன்னும் ஒரு தங்கச்சி இருக்கிறாள், அவளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன் என்றாள். மானசா அவள் கையைப் பிடித்து, சத்தியம் செய்வதுபோல அழுத்திவிட்டு வந்தாள். டீக்கடையில் கணேசபாண்டியன் வீட்டுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்களா என்று அவள் யோசிக்கவே இல்லை.

ரிப்போர்ட்டைக் கண்ணன் தட்டினார். முத்துமாரி வாரந்தோறும் போகும் வீடு, அங்கே படுத்திருக்கும் நோயாளி, செய்யும் சேவை, எல்லாம் ஒழுங்காக வந்தது. கடைசிக்கு வந்ததும் வழக்கமான வரிக்கு விரலைக் கொண்டுபோனார். மானசா நிறுத்தினாள்.

"தப்பா ஒண்ணும் கண்ல படலைன்னா போறாது கண்ணன். கண்ணை மூடிண்டு இருந்தாலும்தான் ஒண்ணும் படாது. இது அதுக்கும் மேலயாக்கும்."

அங்கே ஆரம்பித்தது வார்த்தை வேட்டை. 'நோ டவுட்' என்றாள், உடனே வேண்டாம் என்றாள். அதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் அடுத்த மூச்சில் 'ஆனால்' என்று ஆரம்பிப்பார்கள். அபராதம் போடுவதற்கு முன்னால் டிராஃபிக் ஹவல்தார் சொல்வது அதுதான் என்று கண்ணனும் ஒத்துக்கொண்டார். 'அன்டவுட்டட்லி' என்பது ரிடையர்மென்ட் பார்ட்டியில் மேனேஜர் பேசுகிற வார்த்தை. 'வித்தவுட் டவுட்' நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சந்தேகம் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது அவளுக்கு. கடைசியில் 'பியாண்ட் ஆல் டவுட்' என்று முடிவு செய்தாள். எல்லாச் சந்தேகங்களுக்கும் அப்பாற்பட்டது. கோர்ட்டு வாசனை அடிக்கிற வார்த்தை, யாரும் எதிர்த்துப் பேச முடியாது.

"மேடம், பழைய வரியே போதும்னு படுது. செல்லப்பாண்டி அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா நம்ம வரி தெரியும்" என்றார் கண்ணன்.

மானசா அவர் கையைத் தள்ளிவிட்டுத் தானே தட்டினாள். தைரியமாக எழுதினதே இல்லையாமே என்ற சொல் அவள் விரல் நுனியில் இருந்தது. அந்தக் கோபத்துக்கு முத்துமாரியின் பெயரைச் சொல்லிக்கொண்டாள்.

செல்லப்பாண்டி மறுநாள் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தை மரியாதைக்குப் புரட்டிவிட்டு, கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே விரலை வைத்து அளப்பதுபோல நகர்த்தினார். மூத்த பெண்களின் ரிப்போர்ட் இரண்டும் அவர் பீரோவில் லாமினேஷன் போட்டு இருக்கின்றன. படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த வரி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"இது மூத்தவளுக்கு எழுதுன வரி இல்லியேம்மா."

மானசா விளக்கினாள். பெண் மேல் வேண்டுமென்றே சேறு வாரி இறைத்திருக்கிறார்கள், அதனால் எந்தச் சந்தேகமும் கிடையாது என்று உறுதியாக எழுதியிருக்கிறேன் என்றாள்.

"அப்பம் எம் மாப்பிள்ளமாருக்கு எழுதுனது உறுதி இல்லியா?"

அதுவும் உறுதிதான், இது அதைவிட உறுதி என்றாள். சொல்லும்போதே தன் குரல் உயர்வது அவளுக்குத் தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"ஏம்மா இம்புட்டு அழுத்தி எழுதிருக்கிய? யாரு கேட்டா?" கோபமே இல்லாமல் கேட்டார். "நேத்து நைன்ட்டி ஃபீட் ரோட்டுல நீங்க அந்தப் பிள்ள கையப் பிடிச்சுக்கிட்டு டீ குடிச்சியளாம். நம்ம ஆளு ஒருத்தன் பாத்தான். விசாரிக்கப் போறவுக கையப் பிடிப்பாகளா?"

குடித்தது உண்மை. பிடித்ததும் உண்மை. எதற்கு என்று சொன்னால், அந்தப் பெண் உங்கள் மகனை வேண்டாம் என்று சொல்லப்போவதாகச் சொல்ல வேண்டும். மானசா வாய் திறந்தாள், மூடினாள். செல்லப்பாண்டி அந்த மௌனத்தையும் சேர்த்துக்கொண்டார். பேசிய தொகையை மேஜையில் வைத்தார், ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளாமல் எழுந்து போனார்.

அன்று மாலையே நண்பர் வீட்டுக்குப் போய், ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம் என்று சொல்லிவிட்டார். அவர் நல்ல மனிதர், பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. பத்திரிகை அடித்த பிறகு ஜாதகம் இடித்ததாகத் தாராவியில் ஒருவர்கூட நம்பவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கணேசபாண்டியன் மாடியேறி வந்தான், கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ். தகர டப்பா, மேலே மயில் படம், உள்ளே நெய் மைசூர்பாகு. இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்றான். மானசா உட்காரச் சொல்லவில்லை. அவன் உட்கார்ந்தான்.

"நான் கேட்டதை நீங்க எழுத மாட்டீங்கன்னு தெரியும் மேடம். நீங்க எழுதினதுதான் எனக்கு வேணும்."

மானசாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அவன் பொறுமையாக விளக்கினான். கம்பெனியில் ஒரு பால் பாக்கெட்டுக்கு வாசகம் எழுதினார்களாம், சத்தியமாகத் தண்ணீர் கலக்கவில்லை என்று. விற்பனை படுத்துவிட்டது. தண்ணீரைப் பற்றி அதுவரை நினைக்காதவர்கள்கூட அன்றைக்குத்தான் நினைத்தார்களாம். 'கெனாட் பி ரூல்ட் அவுட்' என்று நீங்கள் எழுதியிருந்தால் அப்பா, நண்பர் மகளாயிற்றே என்று, இன்னொரு ஏஜென்சிக்குப் போயிருப்பார், அவர்கள் பழைய வரியை எழுதியிருப்பார்கள், நான் மாட்டியிருப்பேன் என்றான்.

"உங்களுக்குக் கோபம் வரணும். அதுக்குத்தான் அன்னைக்கு நேர்ல வந்தேன். டீக்கடை நீங்களா குடுத்த போனஸ்."

அவன் படியிறங்கிப் போனான். பிறகு மானசா டப்பாவை ஜன்னல் வழியாக எறியப் போனாள். கண்ணன் வாங்கி வைத்துக்கொண்டார். மைசூர்பாகைக் கீழே பூக்கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு, காலி டப்பாவில் ஸ்டேப்ளர் பின்களைப் போட்டு மேஜையிலேயே வைத்தார். தினமும் பாத்தாத்தான் புத்தி வரும், உங்களுக்கு மட்டும் சொல்லல, எனக்கும்தான் என்றார். அதில் வேடிக்கை எதுவும் இல்லை.

முத்துமாரி போன் செய்தாள். அப்பா வேலையை விடச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் ஊருக்கு ரயில். அங்கே ஒருத்தர் இருக்கிறாராம், சம்சாரம் இறந்து இரண்டு பிள்ளைகளோடு, எதையும் கேட்காமல் கட்டிக்கொள்கிறாராம். குற்றம் சொல்லுகிற குரலாக இருந்தால் மானசா தாங்கியிருப்பாள்.

"நீங்க வழக்கமா எழுதுததயே எழுதிருக்கலாம்க்கா" என்றாள் முத்துமாரி, அவ்வளவுதான். அப்புறம் வியாழக்கிழமைக்கு சுலைகா வீட்டுக்குப் போக யாராவது கிடைப்பார்களா என்று கேட்டாள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து ஊறவிட்ட பிறகுதான் பிரிக்க வேண்டும், இழுத்துப் பிரித்தால் சதையும் வந்துவிடும் என்று சொல்லி வைத்துவிட்டாள். கண்ணன் மான்குர்த்திலேயே ஒரு ஆயாவைப் பிடித்துக்கொடுத்தார். அவள் இழுத்துத்தான் பிரித்தாள் என்று பைசான் பிறகு சொன்னான்.

கணபதி உற்சவம் முடிந்து, தெருவில் பந்தல் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் அனந்தகிருஷ்ணன் மாமா படியேறி வந்தார். பாங்க்கில் இருந்து ரிடையர் ஆனவர், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. பெரிய பெண்ணுக்கு மாப்பிள்ளை விசாரித்துக் கொடுத்ததும் மானசாதான். இப்போது சின்னவள் சாதனா, ஆபீசில் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்கிறாளாம். வேற்று ஜாதி, பரவாயில்லை, காலம் மாறிவிட்டது, பையன் யோக்கியனா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார். போட்டோவை எடுத்து வைத்தார். நல்ல உயரம், நல்ல சட்டை.

அவர் போனதும் கண்ணன் கம்ப்யூட்டரை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லுங்க மேடம். ஆட்டோவுல இருந்து ஆரம்பிக்கட்டா, மைசூர்பாகுல இருந்தா?"

மானசா தலையசைத்தாள். நடந்ததை எழுதினால் படத்தைப் பற்றி எழுத வேண்டும். படத்தில் ஒரு பெண் இருக்கிறாள். எந்தப் பெண், அவள் அந்த வீட்டுக்கு எதற்குப் போனாள் என்று மாட்டுங்காவில் கேட்பார்கள், அவளுக்கு ஒரு பெயர் உண்டு என்று சொல்ல வேண்டும். அந்தப் பெயர் இன்னொரு வீட்டுக்குள் போகக்கூடாது. சாதனா பாவம் என்றார் கண்ணன். அவள் பாவம் என்பதால்தான் இதைச் செய்கிறேன் என்றாள் மானசா, பாதி உண்மையாக.

ரிப்போர்ட்டை அவளே எழுதினாள். ஒரு பொய்கூட இல்லை. படிப்பு, வேலை, செம்பூர் ஃபிளாட், கெட்ட பழக்கம் கிடையாது, போலீஸ் கேஸ் கிடையாது. கடைசி வரியில், அந்தப் பையனின் குணம் 'பியாண்ட் ஆல் டவுட்' என்று போட்டுக் கையெழுத்திட்டாள்.

அனந்தகிருஷ்ணன் மாமா இங்கிலீஷில் ஊறியவர். நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பெரியவளுக்கு நீ இப்படி எழுதலையே, மானசா. நத்திங் அட்வர்ஸ்னுதானே எழுதினே. இத்தனை அழுத்தி எழுத என்ன வந்தது? யாராவது வந்து கேட்டுண்டாளா?"

தெருவில் மூங்கிலை லாரியில் எறிகிற சத்தம் கேட்டது. மானசா மேஜையில் இருந்த மயில் டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தி, உள்ளேயிருந்து ஒரு ஸ்டேப்ளர் பின் பட்டையை எடுத்துக்கொண்டாள்.

"கேட்டுண்டெல்லாம் இல்லை மாமா. அந்தப் பையன் இங்க வந்திருந்தான். ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்து கொடுத்தான்."

மாமா டப்பாவைப் பார்த்தார். மானசாவைப் பார்த்தார். கண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு, ரிப்போர்ட்டை எடுக்காமல் எழுந்து போனார்.